நம்பிக் காத்திருப்போம், மன அமைதி பெறுவோம்

(மணலூர்பேட்டையில் நடந்த நமது கூட்டமைப்பின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களும் படிப்பதற்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நான் எழுந்து நின்றாலே சேமிப்பு, தவணை, தணிக்கை என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு மன அமைதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் உண்டு. போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்குது மேடம், தூக்கந்தான் வரமாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்தவர்களில் பலபேர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

இது கிறிஸ்தவ சகோதரிகளுக்குத் திருவருகைக்காலம். அதை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன். நம்ம குழுக்களில் எல்லா சாமியைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறோம். யாரையும் எந்தக் கோயிலுக்கும் கூப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தூக்கம் வராத ராத்திரி எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் எல்லோரும் கேளுங்கள்.

காத்திருக்கிற காலம்

திருவருகைக்காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற நாலு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காலம். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வருகிற ஞாயிறு அன்று தொடங்கும். சில சபைகளில் அட்வென்ட் என்றே சொல்வார்கள். வருகை என்று அர்த்தம். கத்தோலிக்கக் கோயில்களில் சாமியார் ஊதா உடை போடுவார். மூன்றாவது ஞாயிறு மட்டும் ரோஸ் நிறம். பச்சை இலை சுற்றிய வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி வைத்து, வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். நம்பிக்கைக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு ஒன்று, அன்புக்கு ஒன்று என்று சொல்வது வழக்கம்.

இந்த மெழுகுவர்த்தி வளையத்துக்கு ஒரு கதை உண்டு. ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் என்கிற ஊரில் விஹெர்ன் என்று ஒரு போதகர், ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். டிசம்பர் வந்தால் போதும், பிள்ளைகள் தினமும் வந்து, "கிறிஸ்துமஸ் எப்ப வரும், எப்ப வரும்" என்று நச்சரிப்பார்களாம். 1839ஆம் வருஷம் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, சாதாரண நாளுக்குச் சின்ன மெழுகுவர்த்தி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய மெழுகுவர்த்தி என்று வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார்.

யோசித்துப் பாருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றினதால் கிறிஸ்துமஸ் ஒருநாள்கூட முன்னால் வரவில்லை. ஆனாலும் பிள்ளைகளால் காத்திருக்க முடிந்தது. "இன்னைக்கு எதை ஏத்தணும்?" என்று மட்டும் பார்த்தார்கள். நாம் சந்தா போடுவதும் இப்படித்தானே? ஒரே நாளில் ஐயாயிரம் போடு என்றால் நம்மால் முடியாது. வாரம் இருபது, ஐம்பது என்று போட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

முதல் ஞாயிறு: ஆறு பெருகிய ராத்திரி

இப்ப நம்ம ஊர் கதைக்கு வருகிறேன். 2024ஆம் வருஷம் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1. அந்தத் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் மழை விடவில்லை. மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்தது. 119 அடி அணை, அதற்கு மேல் தாங்காது. டிசம்பர் 2 அதிகாலையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். தை மாசம் ஐந்தாம் தேதி அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும்போது, நாம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிறோமே, அதே ஆறுதான். அன்றைக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு கோயில்களில் வாசித்த நற்செய்திப் பகுதி என்ன தெரியுமா? லூக்கா எழுதியது. கடலும் அலையும் முழங்கும், ஜனங்கள் கலங்கிப்போவார்கள், அப்போதும் நீங்கள் தலை நிமிர்ந்து நில்லுங்கள், கவலை உங்கள் மனசை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இயேசு சொல்கிற இடம். காலையில் அதைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு ராத்திரி ஆற்றுச் சத்தம் கேட்டது.

அப்படிக் கேட்டுவிட்டு வந்தவர்களில் நம்ம உறுப்பினர் ஒரு அக்காவும் உண்டு. அவர் சம்மதம் வாங்கித்தான் சொல்கிறேன், பேர் சொல்லமாட்டேன். ஆற்றங்கரை ஓரம் வீடு. வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகள், வயசான மாமியார். அவர் குழுவின் பிரதிநிதி. குழு நோட்டுகள் எல்லாம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. ராத்திரி பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார். விடிந்து வந்து பார்த்தால் மண்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. கட்டியிருந்த கறவை மாடு இல்லை. கயிறு மட்டும் முளைக்குச்சியில் இருக்கிறது. டிரங்குப் பெட்டி முழுக்கச் சேறு.

இரண்டாம் ஞாயிறு: நான் செய்த தப்பு

டிசம்பர் 8, இரண்டாவது ஞாயிறு. அந்த வாரத்தில்தான் நான் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். குழு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தார்ப்பாயில் வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். மை ஊறிப்போய் பல பக்கம் வெறும் நீலமாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சாமின்னு ஒண்ணு இருக்குதா மேடம்?" என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு இன்னும் ஏழு ஊர் பார்க்க வேண்டியிருந்தது. நின்றபடியே, "அப்படியெல்லாம் பேசாதக்கா, நம்பிக்கையா இரு, கடவுள் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு, சேத விவரம் எழுதிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

சொன்ன வார்த்தையில் தப்பில்லை. ஆனால் அதை நான் சொன்னது அந்த அக்காவுக்காக இல்லை, நான் சீக்கிரம் கிளம்புவதற்காக. சமூகப்பணி படிப்பில் முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லித் தந்தது, முதலில் காது கொடு என்பதுதான். பட்டம் வாங்கினேன், காது கொடுக்கவில்லை. "கடவுள் பார்த்துக்குவார்" என்கிற வார்த்தையை நாம் எத்தனை தடவை இப்படி அடுத்தவங்க வாயை மூடுவதற்குப் பயன்படுத்துகிறோம் என்று யோசியுங்கள்.

அந்த ஞாயிறு வாசகத்தில் யோவான் என்கிறவர் வருகிறார். ஆண்டவர் வருகிற வழியைத் தயார் பண்ணுங்கள், பள்ளத்தை நிரப்புங்கள், கோணலை நேராக்குங்கள் என்கிறார். கடவுள் வருவார், சும்மா உட்கார்ந்திரு என்று அவர் சொல்லவில்லை. மண்வெட்டி எடுக்கிற வேலை நமக்கு இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு: வாய் திறந்த நாள்

டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். டிசம்பர் 1 மண்சரிவில் அங்கே ஒரு வீட்டில் ஏழு பேர் இறந்துபோன துக்கம் ஆறவில்லை. அந்த வருஷம் பக்தர்களை மலையேற விடவில்லை. ஆனாலும் தீபம் ஏற்றினார்கள். சேறு கழுவின வாசலில் நம்ம ஜனங்களும் அகல் விளக்கு வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு டிசம்பர் 15. மகிழ்ச்சி ஞாயிறு என்று பேர். அந்த அக்காவுக்கு மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? அன்றைய வாசகத்தில் ஜனங்கள் யோவானிடம், "நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். அவர் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துணி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடு என்றார். சாப்பாடு இருக்கிறவனும் அப்படியே செய் என்றார். வரி வசூலிக்கிறவர்களிடம், குறித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்வீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே என்றார்.

வசூல்காரரைப் பற்றிக் கேட்டதும் அந்த அக்காவுக்கு உடம்பே நடுங்கிவிட்டதாம். ஏனென்றால் நம்ம யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவர் மனசில் இருந்தது. குழுக் கடன் இல்லாமல், வெளியே இரண்டு இடத்தில் வாரக் கடன் வாங்கியிருந்தார். பையன் படிப்புக்கு ஒன்று, அந்த வட்டியைக் கட்ட இன்னொன்று. வெள்ளம் வடிந்த வாரமே தவணை கேட்டு ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டார். ராத்திரி எட்டு மணி வரைக்கும் நின்றார். பிரதிநிதியாக இருந்துகொண்டு இப்படி வாங்கினோம் என்று தெரிந்தால் குழுவில் மானம் போய்விடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. "அன்னைக்கு ராத்திரி தப்பான நெனப்பே வந்துச்சு மேடம்" என்று பிறகு என்னிடம் சொன்னார். சாமி இருக்கிறதா என்று அவர் கேட்டதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. நான் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குழுத் தலைவி வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலைவி மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர், கிறிஸ்தவர் இல்லை. அவர் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "சாப்டியாடி?" என்று கேட்டு, தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரிதான் இரண்டு வாரம் கழித்து முதல் தடவையாகத் தூங்கினேன் என்று அந்த அக்கா சொல்கிறார். கவனியுங்கள் சகோதரிகளே. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மாடு திரும்பி வரவில்லை. தூக்கம் வந்தது. இதைத்தான் நான் மன அமைதி என்று நினைக்கிறேன். கஷ்டம் போன பிறகு வருவது நிம்மதி. கஷ்டம் இருக்கும்போதே, நாம் தனியாக இல்லை என்று தெரிந்து வருவது அமைதி.

நாலாம் ஞாயிறு: இரண்டு பெண்கள்

டிசம்பர் 22. அன்றைய வாசகம் மரியாள், எலிசபெத்து என்கிற இரண்டு பெண்களைப் பற்றியது. மரியாள் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம் என்று ஊர் பேசக்கூடிய நிலை. கடவுளை நம்பிச் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவள் செய்த முதல் காரியம் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை. மலைநாட்டில் இருக்கிற உறவுக்கார அம்மா எலிசபெத்து வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பிப் போனாள். அந்த அம்மாவும் வயசான காலத்தில் மாசமாக இருக்கிறவர். ஏறக்குறைய மூணு மாசம் அங்கேயே தங்கினாள். கடவுளை நம்பின பெண்ணும் இன்னொரு பெண்ணைத் தேடிப் போனாள் என்பதை மறக்காதீர்கள். நம்ம குழுக் கூட்டமும் அதுதானே?

அந்த வாரம் அந்த அக்கா வீட்டு வாசலிலேயே குழுக் கூட்டம் நடந்தது. முதல் வேலை நோட்டு. அழிந்துபோன கணக்கைத் திரும்ப எழுதணும். அவரவர் வாங்கின உள்கடன் எவ்வளவு, கட்டினது எவ்வளவு என்று அவரவரே சொல்லணும், வேறு வழியில்லை. நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கமே வெறும் நீலமாகிப்போன ஒரு சின்னம்மா எழுந்து, "எனக்கு நாலாயிரம் பாக்கி, எழுதிக்கோ" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினோம். பிறகு வங்கி பாஸ்புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். கணக்கு சரியாக இருந்தது.

பிறகு அந்த அக்காவின் விஷயம். கடன் மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதினோம். வங்கிக் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டுக் குழுத் தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். மாட்டுக்கு அரசாங்கம் அறிவித்த நிவாரணம் 37,500 ரூபாய்க்கு, கால்நடை மருத்துவர் சான்றோடு மனு எழுதினோம். வாரக் கடன் ஆட்களிடம் பேசக் குழுவிலிருந்து ஐந்து பேர் கூடப் போனார்கள். ஒரு கடன் முடிந்துவிட்டது. இன்னொன்றை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுச் சுவர் எழுப்பிவிட்டார். மாடு இன்னும் வாங்கவில்லை. எல்லாம் சுபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

நம்புவது என்றால் என்ன?

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரிக்கணும். மழை நம் கையில் இல்லை. அணை நம் கையில் இல்லை. ஆவணங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைப்பது நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைச் செய்துவிட்டு, இல்லாததைக் கடவுளிடம் கொடுத்துவிட்டுப் படுக்கணும். நம்ம முஸ்லிம் சகோதரிகள், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பு என்று நபிகள் சொன்னதாகச் சொல்வார்கள். அதே பாடம்தான்.

இரண்டு. கடவுளிடம் மறைக்காமல் பேசுவது போல, நம்பிக்கையான ஒரு மனுஷியிடமும் மறைக்காமல் பேசணும். "சாமி இருக்குதா" என்று கேட்பதும் பிரார்த்தனைதான். அப்படிக் கேட்கிறவரை அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்று. நாளைக்கு உள்ளதையும் இன்றைக்கே சுமக்காதீர்கள். இன்றைக்கு உள்ள மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். காணிக்கை கொடு, கடன் தானாகத் தீரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாமியை நம்புகிறேன் என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். தப்பான எண்ணம் வந்தால் ராத்திரி எந்நேரமானாலும் 104 அல்லது 14416க்குப் போன் பண்ணுங்கள், காசு இல்லை. அதுவும் ஒரு எலிசபெத்து வீடுதான்.

வசூல் விஷயத்திலும் தெரிந்துகொள்ளுங்கள். 2022ஆம் வருஷ ரிசர்வ் வங்கி விதிப்படி, சிறுகடன் நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தவணை கேட்டு வரவோ போன் பண்ணவோ கூடாது. மிரட்டவும் அசிங்கமாகப் பேசவும் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாங்கின கடனைக் கட்டணும், அதில் மாற்றமில்லை. மானத்தை விற்றுக் கட்ட வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் ராத்திரி படுக்கப் போகும்முன் ஐந்து நிமிஷம் ஒரு விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றி உட்காருங்கள். டிவியை நிறுத்திவிடுங்கள். இன்றைக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன், மீதி உன் பொறுப்பு என்று உங்கள் சாமியிடம் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் குழுவில் மூணு கூட்டமாக முகம் வாடி இருக்கிற ஒருத்தரை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள்.

அந்த அக்காவை நேற்றுப் பார்த்தேன். "இப்பச் சொல்லுக்கா, சாமி இருக்குதா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி தலைவி போட்ட சோத்துல இருந்துச்சு மேடம்."